வினாவோடு தவறான விடைகளையும் எழுதுங்கள்: நல்ல தேர்வு அமைக்கும் முறை

பத்துக்கு ஏழு வாங்கிய மாணவர் மூன்று இடங்களில் தவறினார் என்பது தெரிகிறது. ஏன் தவறினார்? அதைக் காட்டாத தேர்வு ஆசிரியருக்கு உதவாது. அந்தக் காரணம் வெளிப்படும்படி ஒரு சிறு தேர்வை அமைப்பது எப்படி என்று தசம எண்களை வைத்துப் பார்ப்போம்.

படி 1: இலக்கை வினைச்சொல்லில் எழுதுங்கள்

‘தசம எண்களைப் புரிந்துகொள்வார்’ என்று எழுதினால், புரிந்ததை எப்படிக் கண்டறிவது? ‘தசம எண்களை ஒப்பிட்டுக் காரணம் சொல்வார்’ என்று எழுதுங்கள். வினா பாதி பிறந்துவிடும். அமெரிக்கக் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம் குழுவினர் 1956-ல் வெளியிட்ட கற்றல் படிநிலைகள் 2001-ல் திருத்தப்பட்டபோது, அவற்றின் பெயர்ச்சொற்கள் வினைச்சொற்களாக மாற்றப்பட்டன.

படி 2: பாடத்துக்கு முன்பே வினாவை எழுதுங்கள்

எதைக் கேட்கப்போகிறோம் என்று தெரிந்தால், வகுப்பில் எங்கே நின்று நிதானிக்க வேண்டும் என்பதும் தெரியும்.

படி 3: வரக்கூடிய தவறுகளை எழுதிப் பாருங்கள்

பலரும் தாண்டிப்போகும் படி இது. என் பார்வையில் முக்கியமானதும் இதுதான்.

தசம எண்களில் இரண்டு தவறான எண்ணங்கள் அடிக்கடி வரும். ஒன்று, புள்ளிக்குப் பின் இலக்கங்கள் கூடினால் எண்ணும் பெரியது என்பது. மற்றொன்று இதற்கு நேர் எதிர்: ஆயிரத்தில் ஒரு பங்கு மிகச் சிறியது, ஆகவே இலக்கங்கள் கூடினால் எண் சிறியது என்பது.

இப்போது 0.8, 0.35, 0.147 ஆகியவற்றை ஏறுவரிசையில் எழுதச் சொல்லுங்கள். இரண்டாவது எண்ணம் கொண்ட மாணவர் 0.147, 0.35, 0.8 என்று எழுதுவார். விடை சரி, முழு மதிப்பெண். குழப்பமோ அப்படியே இருக்கும். நாமும் அவருக்குப் பாடம் புரிந்துவிட்டதாக நம்பிவிடுவோம்.

எண்களை 0.4, 0.35, 0.457 என்று மாற்றுங்கள். சரியான வரிசை 0.35, 0.4, 0.457. முதல் எண்ணம் கொண்டவர் 0.4, 0.35, 0.457 என்பார். இரண்டாமவர் 0.457, 0.35, 0.4 என்பார். மூன்று சிந்தனைகள், மூன்று விடைகள். விடைத்தாளைப் பார்த்ததும் யாருக்கு எதை விளக்க வேண்டும் என்பது விளங்கிவிடும்.

படி 4: காரணம் கேளுங்கள், அளவுகோலைச் சொல்லுங்கள்

வினாவின் கீழ் ‘எப்படி முடிவு செய்தீர்கள்? ஒரு வரியில் எழுதுக’ என்று சேருங்கள். வரிசைக்கு ஒரு மதிப்பெண், இடமதிப்பைச் சொல்லி விளக்கினால் இரண்டு என்பதைத் தேர்வுக்கு முன்பே மாணவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

படி 5: முதலில் குறிப்பு மட்டும்

கல்வி உளவியல் ஆய்வாளர் ரூத் பட்லர் 1988-ல் வெளியிட்ட ஆய்வில், விடைக்கு மதிப்பெண் இல்லாமல் எழுத்துக் குறிப்புகள் மட்டும் பெற்ற மாணவர்கள் முன்னேறினார்கள். மதிப்பெண்ணும் குறிப்பும் சேர்த்துப் பெற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் காணப்படவில்லை. ஆகவே ‘நன்று’, ‘கவனம் தேவை’ என்று எழுதி நிறுத்தாமல், ‘0.4-ஐ 0.40 என்று எழுதி மீண்டும் ஒப்பிட்டுப் பார்’ என்பதுபோல் மாணவர் செய்ய ஒரு வேலை தாருங்கள். திருத்தி எழுத வகுப்பிலேயே நேரம் ஒதுக்குங்கள். வீட்டுக்கு அனுப்பினால் பலரும் திருப்பிப் பார்ப்பதில்லை. மதிப்பெண் அதன் பிறகு வரட்டும்.

படி 6: சில நாள் கழித்து மறுபடி கேளுங்கள்

இந்த முறை 0.7, 0.62, 0.735. பழைய தவறு யாரிடம் மீண்டும் தலைகாட்டுகிறது என்று பாருங்கள். அடுத்த வகுப்பை அவர்களிடமிருந்து தொடங்குங்கள்.