பேட்டிக்குப் பெண் நிபுணர் கிடைக்கவில்லையா?

அவசரத்துக்குக் கைபேசியில் இருக்கும் அதே நாலைந்து ஆண்களைத்தான் கூப்பிடுகிறோம், அதை முதலில் மாற்ற வேண்டும். அறிவியல் செய்தி என்றால் அறிவியல் மாநாடுகளில் பெண்களுக்கு இடம் கிடைக்கிறதா என்று கவனிக்க 2020-இல் தொடங்கிய பயாஸ்வாட்ச் இந்தியா என்ற முயற்சியின் பெண் விஞ்ஞானிகள் பட்டியலைப் பாருங்கள். ஆய்வுக் கட்டுரையில் பேராசிரியர் பெயரோடு நிற்காமல் ஆசிரியர் வரிசையில் முதலில் இருக்கும் பெயரையும் பாருங்கள், பல துறைகளில் வேலையைப் பெரும்பாலும் செய்தவர் அவர்தான்.

"நான் அவ்வளவு பெரிய ஆள் இல்லையே" என்று தயங்கினால் விட்டுவிடாதீர்கள். கேள்விகளை முந்தைய நாளே அனுப்பி, எத்தனை நிமிடம், நேரலையா பதிவா என்று சொல்லிவிட்டால் பாதித் தயக்கம் போய்விடும். முடியாது என்றால் சரி, இன்னொரு பெண்ணின் பெயரைக் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், எண்ணுங்கள். பிபிசி 2017-இல் தொடங்கிய 50:50 திட்டமே நிகழ்ச்சியில் பேசியவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணுவதுதான்.