ஏறுவதற்கு முன்னால் செய்யும் தவறுகள்

மெரினாவிலோ பெசன்ட் நகர் கடற்கரையிலோ குதிரையைப் பார்த்ததும் நம் ஆட்கள் நேராகப் போய் நெற்றியில் தட்டிக்கொடுப்பார்கள். நாயிடம் பழகிய கை. குதிரைக்குக் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறக்குறைய 350 டிகிரி சுற்றிப் பார்க்கும். ஆனால் நெற்றிக்கு நேர் எதிரே கொஞ்ச இடமும் வாலுக்கு நேர் பின்னாலும் தெரியாது. தெரியாத இடத்திலிருந்து ஒரு கை வந்தால் தலையைத் தூக்கத்தான் செய்யும். உடனே ‘முரட்டுக் குதிரை’ என்று பெயர் வைத்துவிடுகிறோம், பாவம்.

தோள் பக்கமாக, சற்றுச் சாய்வாக, குரல் கொடுத்தபடி போங்கள். புறங்கையை மோந்து பார்க்க விடுங்கள். அப்புறம் தட்டாமல், பிடரி முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில் சொறிந்துவிடுங்கள். குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் கோதிவிடும் இடம் அது. அங்கே சொறிந்தால் இதயத்துடிப்பு குறைகிறது என்று அளந்தே பார்த்திருக்கிறார்கள்.

கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் குதிரையேற்றம் கற்கச் சேருபவர்களுக்கு முதல் நாளே சேணத்தில் உட்கார்ந்துவிட வேண்டும் என்ற அவசரம். கயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் நடப்பது நேர விரயமாகத் தெரிகிறது. வேண்டாவெறுப்பாகச் செய்வதால், என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் பெரிய தவறு அங்கேதான் நடக்கிறது: விட வேண்டிய நேரத்தில் விடுவதில்லை.

குதிரையை ஓர் அடி பின்னால் நகர்த்தும் பயிற்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். தாடைக்குக் கீழே கயிற்றைப் பிடித்து அதன் மார்பை நோக்கி மெல்ல அழுத்துகிறீர்கள். முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு உடம்பின் எடை மட்டும் பின்னங்கால்களுக்கு மாறும். முன்னங்குளம்பு இன்னும் மண்ணைவிட்டு எழும்பியிருக்காது. அந்த நொடியே விரல்களைத் தளர்த்த வேண்டும். நாமோ ‘இன்னும் ஓர் அடி’ என்று அழுத்திக்கொண்டே இருப்போம். கேட்டதைச் செய்தும் அழுத்தம் போகவில்லையென்றால் குதிரை வேறு வழி தேடும். தலையை உதறிப் பார்க்கும். அப்போது பயந்து கயிற்றை விட்டால் பாடம் முடிந்தது: உதறினால் விட்டுவிடுவார்கள்.

அடுத்தது, வட்டக் களத்தில் விரட்டி விரட்டி ஓட்டி, களைத்து நம்மிடம் வந்து நிற்பதை நட்பு என்று நினைப்பது. எனக்கு இது அறவே பிடிக்காது. ஓடி ஓய்ந்தது பக்கத்தில் வந்தால், ஓட முடியவில்லை என்றுதான் பாதி நேரம் அர்த்தம். அதிலும் சென்னைப் புழுக்கத்தில் வியர்வை சரியாக உலராது. குதிரையின் உடல் சூடு இறங்காது. கத்திரி வெயிலில் காலை ஆறு, ஆறரைக்குள் கால் மணி நேரம் போதும். நன்றாகச் செய்ததும் நிறுத்திவிடுங்கள்.

காதை மட்டும் பார்த்து முடிவு கட்டுவதும் உண்டு. காது பின்னால் திரும்பியிருந்தால் பின்னால் ஏதோ சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். கழுத்தோடு ஒட்டப் படுத்திருந்து, மூக்குத்துளை சுருங்கி, வாலும் விசிறி அடித்தால் அதுதான் கோபம், விலகிவிடுங்கள். வாயைச் சப்புக்கொட்டி மென்றால் ‘ஒத்துக்கொண்டது’ என்று பலர் பூரிப்பார்கள். பெரும்பாலும் பதற்றம் தணியும்போது வருவது அது. அப்படியானால் சற்று முன்வரை பதற்றமாக இருந்திருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும்.

வெல்லம், கேரட்டைக் காட்டியே நட்பு பிடிப்பவர்களின் சட்டைப் பையைத்தான் குதிரை தேடும். கிடைக்காவிட்டால் கடிக்கும். கொடுப்பதென்றால் வாளியில் போடுங்கள்.

கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. மிரண்டு ஓடினால் விரல் போய்விடும். மடித்துப் பிடியுங்கள். எப்போதும் இடப்பக்கமே நின்று பழக்கினால் வலப்பக்கம் போனதும் புது ஆளைப் பார்த்ததுபோல் மிரளும். எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் செய்ய வேண்டும்.

தொடங்குவதற்கு முன்னால் சைஸிடம், அதாவது குதிரையைப் பராமரிப்பவரிடம், பேசாமல் போவதும் தவறுதான். “அண்ணே, இவனுக்கு எது ஆவாது?” என்று கேட்டுப் பாருங்கள். “குடை விரிச்சா மட்டும் நிக்கமாட்டான் சார்” என்பது போல ஏதாவது ஒன்று கட்டாயம் வரும். தினமும் தீனி வைத்துக் குளம்பு சுத்தம் செய்பவருக்குத் தெரிந்தது பயிற்சியாளருக்கே தெரியாமல் இருக்கலாம். தீபாவளி வாரத்தில் புதுப் பயிற்சி எதையும் ஆரம்பிக்காதீர்கள். தெருவில் வெடி ஓயும்வரை பழகிய லாயத்தில், பழகிய குதிரைக்குப் பக்கத்தில் கட்டிப்போட்டுத் தீனி வைத்தால் போதும்.