பழைய உறுப்பினர் 'வேண்டாம்' என்றால் எங்கிருந்து தொடங்குவது?

இருபது வருடமாகச் சங்கத்தின் சந்தாக் கணக்கைப் பேரேட்டில் எழுதிவருபவரிடம், "இனி எல்லாம் கம்ப்யூட்டர்தான்" என்று செயற்குழுக் கூட்டத்தில் வைத்து அறிவித்தால் அவர் எதிர்க்கத்தான் செய்வார். பத்துப் பேர் முன்னால் ஒருமுறை 'முடியாது' என்றவருக்கு அதிலிருந்து இறங்கிவருவது மானப் பிரச்சினை. ஆகவே கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பே அவரைத் தனியாகப் போய்ப் பாருங்கள். ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அதில் முக்கால்வாசி அவர் பேசட்டும்.

"ஏன் வேண்டாம் என்கிறீர்கள்?" என்று கேட்டால் வாக்குவாதம்தான் வரும். "இதை மாற்றினால் எங்கே இடிக்கும்?" என்று, பேரேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேளுங்கள். ஒரு பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னப் புள்ளி இருக்கும். விசாரித்தால், 'இவர் இரண்டு தவணையாகக் கட்டுவார், நினைவூட்டல் அனுப்பக் கூடாது' என்பார். உங்கள் எக்செல் தாளில் அதற்கு இடமே இருக்காது. அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே குறித்து, திட்டத்தைத் திருத்தி, கூட்டத்துக்கு முன் அவரிடமே காட்டுங்கள். ஏற்க முடியாதவற்றைக் காரணத்தோடு நேரிலேயே சொல்லிவிடுங்கள்.

வெறும் மரியாதைக்காகச் செய்வதல்ல இது. அமெரிக்கப் பைஜாமா ஆலை ஒன்றில் வேலைமுறையை மாற்றிப் பார்த்த ஆய்வை கோச், பிரெஞ்ச் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1948இல் வெளியிட்டார்கள். திட்டமிடுவதில் இடம் தரப்படாத குழுவில் முதல் 40 நாளில் 17 சதவீதம் பேர் வேலையை விட்டுப் போனார்கள். கலந்துபேசி மாற்றிய குழுக்களோ சீக்கிரமே பழைய வேகத்தைத் தாண்டின.

பேரேடும் கம்ப்யூட்டரும் 2 மாதம் சேர்ந்தே ஓடட்டும். மாதக் கடைசியில் இரண்டு மொத்தமும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துக் கையெழுத்திடும் பொறுப்பை அவருக்கே கொடுங்கள். வேலையில்லாத 'கௌரவ ஆலோசகர்' பட்டம் அவரை அவமதிப்பதுதான். பேரேட்டை மூடும் தேதி தீர்மானத்திலேயே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரட்டை வேலையில் எல்லோரும் சலித்து, முதலில் கைவிடுவது புதியதைத்தான்.

கற்றுத்தர ஒரே ஒருவர் போதும். தினம் அரைமணி நேரம், மௌஸ் கற்றுக்கொள்பவர் கையில். தப்பாக அழுத்தினாலும் பிடுங்காதீர்கள்.

இத்தனைக்கும் பிறகு இணங்காதவர் உண்டு. வாக்கெடுப்பில் தீர்மானம் நிறைவேறினால், அவருடைய மாற்றுக் கருத்தையும் காரணங்களையும் நடவடிக்கைக் குறிப்பில் பதியுங்கள். 3 மாதம் கழித்து அந்தக் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க ஒரு தேதியையும் அங்கேயே குறித்துவிடுங்கள்.