சிங்கிள் ஆக்‌ஷனா, டபுள் ஆக்‌ஷனா? கைத்துப்பாக்கியில் கண்டுபிடிப்பது எப்படி

சிங்கிள், டபுள் என்பது தோட்டாக் கணக்கு அல்ல. ட்ரிக்கர் (விரலால் இழுக்கும் விசை) எத்தனை வேலை பார்க்கிறது என்ற கணக்கு.

முதலில் மேகசினை (தோட்டாக்கள் அடுக்கிய பெட்டி) கழற்றுங்கள். பிறகு ஸ்லைடை (மேலே முன்பின் நகரும் பாகம்) இழுத்து, சேம்பர் (சுடத் தயாரான தோட்டா இருக்கும் அறை) காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். வரிசை மாறினால் ஸ்லைடு மூடும்போது அடுத்த தோட்டா உள்ளே ஏறிவிடும்.

ஹேமரை (தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தி) முன்கூட்டியே பின்னுக்கு ஏற்றி வைத்தால்தான் ட்ரிக்கர் சுடுமென்றால் அது சிங்கிள் ஆக்‌ஷன். 1873 கோல்ட் ரிவால்வரில் ஒவ்வொரு முறையும் கட்டைவிரல்தான் ஏற்ற வேண்டும். 1911 பிஸ்டலும் இதே இனம். சுட்டதும் ஸ்லைடே ஏற்றிவிடும்.

ட்ரிக்கரே ஹேமரை ஏற்றி விடுவித்தால் டபுள் ஆக்‌ஷன். இழுப்பு நீளம், கனமும் அதிகம். பெரெட்டா 92 பிஸ்டலில் முதல் இழுப்பு மட்டும் இப்படி, பிறகு ஸ்லைடே ஹேமரை ஏற்றிவிடுவதால் அடுத்தவை குட்டை. பழகாதவருக்கு முதல் குண்டு மட்டும் தள்ளி விழுவது பெரும்பாலும் இதனால்தான்.

க்ளாக் பிஸ்டலில் ஹேமர் கிடையாது, ஸ்ட்ரைக்கர்தான் (உள்ளே ஸ்பிரிங்கால் பாய்ந்து தோட்டாவைக் குத்தும் ஊசி). ஸ்லைடு அதைப் பாதி ஏற்றும், மீதியை ட்ரிக்கர் முடிக்கும். தோட்டா வெடிக்காவிட்டால் ட்ரிக்கரை மறுபடி இழுத்துப் பயனில்லை. ஸ்லைடை இழுத்தே ஆக வேண்டும்.