பழஞ்சேலையை உள்ளே வைத்துத் தைக்கும் பரிசுப் போர்வை

திருத்தணியைத் தாண்டி நகரி, புத்தூர் பக்கம் தெலுங்கும் தமிழும் கலந்து புழங்கும் வீடுகளில் இதைப் பொந்த என்பார்கள். பழைய சேலைகளை அடுக்கி, மேலே துண்டுத் துணிகளை ஒட்டுப் போட்டு, எல்லா மடிப்பையும் சேர்த்து நூலோட்டிய போர்வை. வீட்டுக்குத் தைப்பதற்கும் பரிசுக்குத் தைப்பதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பரிசாகப் போனதைத் துவைக்கப்போவது வேறொருவர். மெஷினில் ஜீன்ஸோடு சேர்த்துப் போடுவார், அல்லது கல்லில் அடிப்பார். ‘பார்த்துத் துவையுங்கள்’ என்று நாலு முறை சொல்லிக் கொடுத்தால் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார். ஆகவே துணி, நூல், தையல் இடைவெளி எல்லாவற்றையும் அந்த முரட்டுத் துவையலை மனதில் வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

அளவும் கணக்கும்

ஒருவர் போர்த்திக்கொள்ள 4 அடிக்கு 7 அடி (48 x 84 அங்குலம்) போதும். இந்த அளவுக்கு ஒரு பருத்திச் சேலை கச்சிதமாகப் பொருந்தும். ஐந்தரை மீட்டர் சேலையைக் குறுக்கே இரண்டாக வெட்டினால் ஒவ்வொன்றும் 108 அங்குல நீளம். இரண்டையும் கரையோடு கரை வைத்து நீளவாக்கில் மூட்டினால் அகலம் 87 முதல் 89 அங்குலம் வரை வரும். பிறகு 108-ஐ நடுவில் மடித்தால் 54 x 88 அளவில் இரட்டை மடிப்பு. நாலு பக்கமும் ஒன்றிரண்டு அங்குலம் மிச்சம் இருக்கும், கடைசியில் நறுக்கிவிடலாம்.

மேல்துணிக்கு 7 அங்குலச் சதுரங்கள் 112 வேண்டும். நாலு பக்கமும் அரை அங்குலம் தையலுக்குப் போக, தைத்தபின் ஒவ்வொன்றும் 6 அங்குலம் நிற்கும். அகலத்தில் 8, நீளத்தில் 14. புத்தகங்களில் கால் அங்குலத் தையல்விளிம்பு போதும் என்றிருக்கும். அது நெருக்கமாக நெய்த புதுத்துணிக்குச் சரி. கஞ்சி போன கைலித் துணியும் பலமுறை துவைத்த சட்டைத் துணியும் ஓரத்தில் நூல் பிரியும். அரை அங்குலம் விட்டால்தான் பத்துத் துவையலுக்குப் பிறகும் மூட்டு நிற்கும்.

44 அங்குல அகலத் துணி ஒரு மீட்டரில் 30 சதுரம் கிடைக்கும். இரண்டு மீட்டர் மூட்டாத கைலியில் 66. ஆக இரண்டு கைலி இருந்தால் மேல்துணி முடிந்தது. அரைக்கைச் சட்டை ஒன்றில் பத்து தேறினாலே அதிகம், முதுகுப்பக்கம்தான் உருப்படியாக வரும்.

அடித்துணிக்கு 36 அங்குலக் காடா 5 மீட்டர். இரண்டாக வெட்டி, நீளவாக்கில் மூட்டிக்கொள்ளலாம். தேவை 53 x 89 அங்குலம்தான், மிச்சம் சுருக்கத்துக்கு. ஓரப்பட்டிக்கு அழுத்தமான நிறத்தில் 60 சென்டிமீட்டர். நூலைப் பற்றிப் பின்னால்.

இரட்டைக் கட்டிலுக்கு என்று கேட்பார்கள். புதுமணத் தம்பதிக்கு ஒரே பெரிய போர்வையைவிட ஒரே நிறத்தில் இரண்டு சின்னப் போர்வை நல்லது. பெரியது நனைந்தால் தூக்க முடியாது, வீட்டு மெஷினிலும் சுற்றாது. ஒருவர் இழுத்துக்கொண்டார் என்ற சண்டையும் இல்லை.

உள்ளே எது வைக்கலாம், எது கூடாது

இலவம்பஞ்சு வேண்டாம். தலையணைக்கு அருமையானது, போர்வைக்குள் எதிரி. இழை வழுக்கும், ஒன்றையொன்று பிடிக்காது. ஒரே துவையலில் மூலைக்கு மூலை கட்டி சேர்ந்துவிடும். மீட்டர் கணக்கில் விற்கும் பாலியெஸ்டர் பஞ்சு விரிப்பு துவையலைத் தாங்கும்; ஆனால் சித்திரை வெயிலில் இந்தப் பக்கத்தில் யாரும் அதைத் தொடமாட்டார்கள். பெங்களூரிலோ ஊட்டியிலோ இருக்கிற பிள்ளைகளுக்கு என்றால் சரி.

பருத்திச் சேலைதான் உத்தமம். பருத்தியா என்ற சந்தேகம் வந்தால் ஓரத்தில் நாலு இழை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து மெல்லிய சாம்பலாக உதிரும். பாலியெஸ்டர் உருகிக் கறுத்த உருண்டையாக இறுகும். கலப்பு நூல் இரண்டையும் காட்டும். வெயிலுக்கு நேரே பிடித்து நைந்த இடத்தைத் தேடுங்கள். கொசுவம் சொருகும் இடமும் தரையில் உரசும் கீழ்க்கரையும் முதலில் போயிருக்கும். இரு கையாலும் பிடித்து இழுக்கும்போது ‘டர்’ என்று கிழிந்தால் அதை ஒதுக்கிவிட வேண்டியதுதான். லேசாக மெலிந்திருந்தால் பாதகமில்லை, உள்மடிப்பில் உராய்வு குறைவு. மெலிந்த துணியை மேல்துணியில் மட்டும் போடாதீர்கள். ஜரிகைக் கரையை வெட்டி எடுத்துவிடுங்கள். கம்பி இழை நாளடைவில் வெளியே குத்தும்.

ஒரு விஷயம், தையலில் சேராதது. பிறந்த குழந்தைக்குப் பழந்துணி வழக்கமே. கல்யாண வரிசையில் உடுத்திய துணி சேருவதைச் சில வீடுகளில் விரும்பமாட்டார்கள். இறந்தவர் சேலை என்றால் இன்னும் யோசிப்பார்கள். சிலர் அதையே கேட்டு வாங்கிக்கொள்வார்கள். தைக்கும் முன்பே அந்த வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் கேட்டுவிடுவது மரியாதை. கூடாது என்றால் உள்ளேயும் புதுக் காடாவே வைக்கலாம், அப்போது கனம் கொஞ்சம் கூடும்.

முதலில் தண்ணீர், பிறகுதான் கத்தரி

பொந்தையில் வரும் கோளாறுகளில் பாதி, துவைக்காத புதுத்துணியால் வருவது. பழஞ்சேலை சுருங்க வேண்டியதெல்லாம் என்றோ சுருங்கிவிட்டது. புதுக் காடா நூற்றுக்கு ஐந்து வரை சுருங்கும். இரண்டையும் சேர்த்துத் தைத்துப் பின்னால் துவைத்தால் அடித்துணி மட்டும் உள்வாங்கி, மேல்துணி பப்படம் மாதிரி பொங்கும். அதைத் திருத்த வழியில்லை.

நகரிக் கைலியாக இருந்தாலும் குடியாத்தத்துக் கைலியாக இருந்தாலும் கஞ்சி கனமாக இருக்கும். ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் சோப்புப் போட்டு அலசி, நிழலில் உலர்த்துங்கள். கஞ்சி போனபின் நெசவு எவ்வளவு நெருக்கம் என்பது அப்போதுதான் தெரியும். விரல் நகத்தால் தேய்த்தால் இழை நகர்கிறது என்றால் அந்தத் துணி சதுரத்துக்கு ஆகாது.

சாயம் போகுமா என்று ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஈரத்துணியை வெள்ளைத் துணியில் வைத்து மடித்துச் சூடான அயர்ன் பெட்டியால் அழுத்துங்கள். சிவப்பும் மெரூனும் கருநீலமும்தான் வழக்கமான குற்றவாளிகள். உப்புத் தண்ணீரில் ஊறினால் சாயம் பிடித்துக்கொள்ளும் என்று சொல்வதை நம்பி இறங்காதீர்கள். ஆலையில் பிடிக்காத சாயம் உப்பில் பிடிக்காது. மூன்று அலசலுக்குப் பிறகும் வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தத் துணியை விட்டுவிடுங்கள். காளஹஸ்தி கலம்காரித் துண்டு சேர்க்க ஆசை என்றால் இந்தச் சோதனை கட்டாயம்.

வெட்டுவது, மூட்டுவது

தினசரிக் காலண்டர் அட்டையில் 7 அங்குலச் சதுரம் வெட்டிக்கொள்ளுங்கள். பென்சில் உரசி அட்டையின் ஓரம் தேயும். முப்பது நாற்பது சதுரத்துக்கு ஒரு புது அட்டை. ஒரு நூல் பிசகினால் என்ன என்று தோன்றும். ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒன்று. எட்டுச் சதுரத்தில் அது ஒரு அங்குலம், பதினாலில் ஒன்றே முக்கால் அங்குலம். வரிசைகள் ஒன்றோடொன்று சேராது.

கட்டம் போட்ட கைலியில் இந்தத் தொல்லை குறைவு. நூலிலேயே சாயம் ஏற்றி நெய்வதால் கட்டத்தின் கோடு பாவோடும் ஊடையோடும் நேராக ஓடும், அதைப் பிடித்தே வெட்டலாம். இரண்டு பக்கமும் ஒரே நிறம் என்பதால் உள்பக்கம் வெளிப்பக்கம் குழப்பமும் கிடையாது. எந்தத் துணியானாலும் சரி, குறுக்குவாட்டில் சாய்த்து வெட்டாதீர்கள். சாய்ந்த ஓரம் இழுபடும், போர்வை நெளியும்.

தரையில் பரப்பி நிறம் பாருங்கள். நாலடி தள்ளி நின்று பார்த்தால்தான் ஒரே இடத்தில் அழுத்தமான நிறம் குவிந்திருப்பது தெரியும். திருப்தியானதும் வரிசைவாரியாக அடுக்கி, ஒன்று முதல் பதினாலு வரை சீட்டுக் குத்திவைத்துவிடுங்கள். மெஷினில் தைத்தால் தையல் நீளம் இரண்டரை மில்லிமீட்டர். கையில் தைப்பதென்றால் நாலு தையலுக்கு ஒரு முறை பின்தையல் போட்டுப் போங்கள். ஒற்றை வரிசைகளின் மூட்டை வலப்பக்கமும் இரட்டை வரிசைகளின் மூட்டை இடப்பக்கமும் மடித்து அயர்ன் செய்தால், வரிசைகளைச் சேர்க்கும்போது மூட்டுகள் ஒன்றுக்குள் ஒன்று பதிந்து மூலைகள் சரியாகக் கூடும். எல்லாவற்றையும் ஒரே பக்கம் மடித்தால் அந்த இடத்தில் ஊசி இறங்காது.

அடுக்கி நூலோட்டுவது

துடைத்து உலர்ந்த சிமெண்டுத் தரையில் காடாவை நல்ல பக்கம் கீழே இருக்க விரித்து, நாலு மூலையிலும் ஓரங்களிலும் பேக்கிங் டேப் ஒட்டுங்கள். சுருக்கம் போகும் அளவுக்கு இழுத்தால் போதும். விறைப்பாக இழுத்து ஒட்டினால் டேப்பை எடுத்ததும் துணி உள்வாங்கி, முழுதும் சுருக்கம் விழும். அதன்மேல் சேலை மடிப்பு. நடுவிலிருந்து ஓரத்துக்குக் கையால் தடவி விடுங்கள். அதன்மேல் ஒட்டுத்துணி, மேலே பார்த்தபடி.

தைக்கும் முன் அடுக்கு நகராமல் இருக்க, பளிச்சென்று வேறு நிற நூலில் இரண்டு அங்குலத் தையலாக ஓட்டிக்கொள்ளுங்கள். நடுவில் ஆரம்பித்து நாலு திசைக்கும், பிறகு ஆறு அங்குலத்துக்கு ஒரு கோடு. ஓரத்தில் ஆரம்பித்தால் தொய்வு முழுதும் நடுவில் வந்து தொப்பை விழும். அவசரக்காரர்கள் இதைத்தான் தாண்டிவிடுவார்கள், பிறகு மொத்தத்தையும் பிரிப்பார்கள்.

தையல்

எம்பிராய்டரி நூல்கண்டு 8 மீட்டர், ஆறு இழை. மூன்று மூன்றாகப் பிரித்தால் ஒரு கண்டு 16 மீட்டர் ஆகும். ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு கோடு, நீளவாக்கில் 32 கோடு. நூல் சுமார் 85 மீட்டர் பிடிக்கும். ஆறு கண்டு ஒரே கடையில் ஒரே நேரத்தில் வாங்கிவிடுங்கள், நிறம் மாறாது. ஒற்றை மெஷின் நூல் கூடாது. மெல்லிய நூல் இறுக இறுகப் பழந்துணியை அறுக்கும். ஊசி 6-ஆம் நம்பர். கோணி ஊசி ஓட்டை போடும். நடுவிரலுக்குத் திம்பிள் இல்லாமல் நாலு மடிப்பைக் குத்த முடியாது.

ஒரு கை நீள நூல் போதும். அதற்கு மேல் போனால் சிக்கும், துணியில் உரசி நைந்தும் போகும். முடிச்சை மேல்துணிக்கும் சேலைக்கும் நடுவில் இழுத்து ஒளித்துவிடுங்கள். தையல் கால் அங்குலத்துக்கு மேல் வேண்டாம். அழகுக்காக மட்டும் சொல்லவில்லை. நீளத் தையலில் மெட்டியும் கொலுசும் மாட்டும்; ஒரு முறை மாட்டினால் ஒரு கோடு முழுதும் உருவிக்கொண்டு வரும். கீழ்ப்பக்கமும் ஊசி வந்திருக்கிறதா என்று ஐந்தாறு தையலுக்கு ஒரு தரம் திருப்பிப் பாருங்கள். புதிதாகத் தைப்பவர்கள் மூன்று மடிப்பைப் பிடித்து நாலாவதை விட்டுவிடுவார்கள்.

நூலோட்டும்போது சொன்ன முறையே இங்கும்: நடுக்கோடு முதலில், பிறகு இரு புறமும் மாறி மாறி. ஒரே பக்கமாகப் போனால் போர்வை சாய்சதுரமாகிவிடும். ஒரு கோட்டுக்கு அரை மணி நேரம் என்று வைத்தால் 16 மணி நேரம். வளைகாப்புக்கு நாலு நாள் இருக்கும்போது ஆரம்பிக்கிற வேலையல்ல.

ஓரப்பட்டி

கீழே இருக்கும் மூன்று மடிப்பையும் மேல்துணி அளவுக்கு நறுக்குங்கள். 3 அங்குல அகலத்தில் ஏழு பட்டி வெட்டி, முனைகளைச் சாய்வாக மூட்டுங்கள். நேராக மூட்டினால் அந்த இடம் தடித்துத் துருத்தும். மொத்தம் 280 அங்குலம் வேண்டும். நீளவாக்கில் இரண்டாக மடித்து அயர்ன் செய்து, வெட்டிய விளிம்புகளைப் போர்வையின் விளிம்போடு வைத்து அரை அங்குலத்தில் தையுங்கள். மூலைக்கு அரை அங்குலம் இருக்கும்போதே தையலை நிறுத்தி, பட்டியை மேலே மடித்துத் திரும்பக் கீழே இறக்கி அடுத்த பக்கத்தைத் தொடங்கினால் மூலை கூர்மையாக அமரும். மடித்த ஓரத்தைப் பின்பக்கம் திருப்பிக் கையால் ஹெம்மிங். இது இரட்டைத் துணி என்பதால் ஓரம் சீக்கிரம் தேயாது. முதலில் கிழிவது எப்போதும் ஓரம்தான்.

குழந்தைக்கு என்றால்

ஆறுக்கு ஆறு, 36 சதுரம். சேலையை ஐந்தாக வெட்டினால் இரண்டு துண்டு உள்ளே, ஒன்று அடியில், இரண்டு மீதி. பொத்தான், கண்ணாடி, குஞ்சலம், ஜரிகை எதுவும் வேண்டாம். ஒரு வயதுக்குள் இது தரையில் விரித்துப் போடத்தான். தூங்கும் குழந்தைமேல் தளர்வாகப் போர்த்தினால் முகத்தில் ஏறிக்கொள்ளும் என்பதைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

கொடுக்கும் முன்

ஓட்டிய நூலை எடுத்துவிட்டு ஒரு முறை நீங்களே மெஷினில் போட்டுத் துவையுங்கள். சாக்பீஸ் கோடு போட்டிருந்தால் போகும், விட்டுப்போன தையல் தெரியும், சாயம் பொய் சொல்லியிருந்தால் அதுவும் வெளியே வரும். இரண்டு கொடிக்கயிற்றில் சமமாகப் போட்டு நிழலில் உலர்த்துங்கள். ஒரு மூலையில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டால் ஈரக் கனம் தையலை இழுத்துவிடும். பின்பக்க மூலையில் பெயரும் வருடமும் நூலால் எழுதலாம். நன்றாகக் காய்ந்தபின் மடித்து, உள்ளே நாலு உலர்ந்த வேப்பிலைக் கொத்து. பிளாஸ்டிக் கவரில் மூடிக் கொடுக்காதீர்கள், மழைக்காலத்தில் பூசணம் பிடிக்கும். மிஞ்சிய சதுரம் நாலைந்தையும் கூடவே வைத்துக் கட்டுங்கள், எங்காவது கிழிந்தால் ஒட்டுப் போட்டுக்கொள்வார்கள்.