கிராம சபை நோட்டுல கையெழுத்து போட்டுட்டு வந்துட்டா ஊர் வேலை நடந்துடுமா?

எங்க தெரு முனையில ஒரு விளக்கு எட்டு மாசமா எரியல. கடலூர் மாவட்டம் குறிஞ்சிப்பாடி பக்கம் சின்ன ஊரு எங்களது, அந்த முனையைத் தாண்டினா ரெண்டு பக்கமும் வயலு, ராத்திரி பாம்பு கிடந்தா கூட தெரியாது. எங்க மாமா ஒருத்தர் விடாக்கண்டர், விஏஓ ஆபீஸுக்கு மூணு தடவ நடந்தாரு, மூணு தடவையும் விஏஓ "சரிங்க பாக்கலாம்"னு சொல்லி அனுப்பிட்டாரு, அப்புறம் மாமா லைன்மேன வழியில நிறுத்தி சண்டை போட்டாரு, லைன்மேன் "அய்யா போஸ்ட்டு எங்களது, பல்பு எங்களது இல்ல"ன்னுட்டு வண்டிய கிளப்பிட்டாரு. கடைசில பஞ்சாயத்து கிளார்க்கு (இப்ப ஊராட்சி செயலர்னு சொல்லணுமாம், எங்க ஊர்ல இன்னும் கிளார்க்குதான்) கிட்ட சொன்னா, "ஏன் மாமா இத்தன நாளா சொல்லல"ன்னு அவரு கேக்குறாரு. நாலு நாள்ல விளக்கு எரிஞ்சுது.

முதல் தப்பு இதுதான், ஆள் மாத்திப் போய் நிக்கிறது. விஏஓ வருவாய்த்துறை ஆளு, பட்டா, சிட்டா, அடங்கல், சான்றிதழ், இதெல்லாம்தான் அவரு வேலை, தெருவிளக்கும் குடிதண்ணியும் குப்பையும் ஊராட்சி வேலை. கம்பமும் கம்பியும் மின்வாரியம், ஆனா விளக்கு மாத்துறதும் அதுக்கு கரண்ட் பில்லு கட்டுறதும் ஊராட்சி. ரோடுலயும் அப்படித்தான், ஊருக்குள்ள இருக்கிற தெரு ஊராட்சியோடது, ஊருக்கு ஊரு போற ரோட்டுல சிலது ஒன்றியத்தோடது, பஸ் போற மெயின் ரோடு பெரும்பாலும் ஹைவேஸ். ஏரின்னா நூறு ஏக்கருக்கு மேல பாசனம் இருந்தா நீர்வளத்துறை (பெருசுங்க இன்னும் பிடபிள்யூடி ஏரிம்பாங்க), அதுக்குக் கீழன்னா ஒன்றியத்து ஏரி, குட்டை ஊருணியெல்லாம் ஊராட்சி. இது தெரியாம திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல வரிசையில நின்னு மனு குடுத்துட்டு வந்துடுறோம், ரெண்டு மாசம் கழிச்சு "தங்கள் மனு உரிய துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது"ன்னு ஒரு லெட்டரு வரும். மனு எழுதுறதுக்கு முன்னாடி இந்த ரோடு யாரோடதுன்னு பிடிஓ ஆபீஸ் (ஒன்றிய ஆபீஸ்) ஓவர்சியர்கிட்ட ஒரு வார்த்த கேட்டா அந்த ரெண்டு மாசம் மிச்சம்.

சரி, கிராம சபை. முன்னாடி வருஷத்துக்கு நாலு, ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. 2022-லேருந்து மார்ச் 22 தண்ணீர் தினமும் நவம்பர் 1 உள்ளாட்சி தினமும் சேர்ந்து ஆறு ஆயிடுச்சு. இந்த நாலஞ்சு வருஷத்துல ஒரு தடவயாவது முழுசா உக்காந்து கேட்டவங்க ஊருக்கு இருவது பேரு இருந்தா பெருசு. கூட்டம் செல்லணும்னா இத்தன பேரு வரணும்னு கணக்கு இருக்கு, 500 பேரு வரைக்கும் உள்ள ஊராட்சிக்கு 50, மூவாயிரம் வரைக்கும் 100, பத்தாயிரம் வரைக்கும் 200, அதுக்கு மேலன்னா 300. இந்த எண்ணிக்கைக்காகத்தான் நோட்டு சுத்தி வரும். நம்மாளுங்க என்ன பண்றாங்கன்னா வந்த உடனே கையெழுத்து, கொஞ்சம் டீ, அப்புறம் "வேலை கெடக்கு"ன்னு கிளம்பிடுறது. சில ஊர்ல நூறு நாள் வேலை நடக்குற எடத்துக்கே நோட்டு போகும், என்னா ஏதுன்னு கேக்காம போட்டுடுவாங்க. நீங்க போட்ட கையெழுத்துக்கு மேல என்ன தீர்மானம் எழுதுறாங்களோ அதுக்கெல்லாம் நீங்களும் சம்மதிச்ச மாதிரிதான் ஆகும். அதனால கூட்டம் முடியிறப்ப தீர்மானத்த சத்தமா படிக்கச் சொல்லுங்க, படிச்ச பிறகு போடுங்க, முடிஞ்சா அந்தப் பக்கத்த போன்ல ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. யாரும் கோச்சுக்க மாட்டாங்க, கோச்சுக்கிட்டா அந்தப் பக்கத்த ரெண்டு தடவ படிக்கணும்னு அர்த்தம்.

இதுலயே இன்னொண்ணு. எழுந்து நின்னு பத்து நிமிஷம் கோவமா பேசினா பிரச்சனைய சொல்லிட்டோம்னு ஒரு திருப்தி வந்துடுது, கை தட்டலும் கெடைக்குது, ஆனா நோட்டுல என்ன ஏறுது? "சாலை வசதி கோரப்பட்டது". எந்த சாலை, எங்கேருந்து எதுவரைக்கும்? போன வருஷம் நான் இந்த தப்ப பண்ணேன், எங்க தெரு வாய்க்காலப் பத்தி பொளந்து கட்டினேன், அடுத்த கூட்டத்துல கேட்டா அப்படி ஒரு தீர்மானமே இல்ல. இப்ப வீட்டுலயே ஒரு தாள்ல எழுதிட்டுப் போறேன், இன்னாரு வீட்டு முனையிலேருந்து கன்னி வாய்க்கா வரைக்கும் இத்தன மீட்டர், இப்ப இந்த நெலமை, இதுதான் வேணும்னு நாலு வரி, ரெண்டு காப்பி, ஒண்ணுல வாங்கினேன்னு தேதியோட கையெழுத்து வாங்கிட்டு வர்றேன். பேசுறது ரெண்டு நிமிஷம் போதும்.

கூட்டத்துல ஒரு பக்கம் வரவு செலவு கணக்கு பிளக்ஸ் மாட்டி இருப்பாங்க, படிவம் 30-ன்னு, யாரும் கிட்ட போய் பாக்க மாட்டாங்க. ஊராட்சிக்கு பணம் மூணு கணக்குல வரும் போவும், ஒண்ணாம் நம்பர் பொதுக் கணக்கு, ரெண்டாம் நம்பர் கரண்ட் பில்லும் குடிதண்ணி கட்டணமும் கட்டுறதுக்கு, மூணாம் நம்பர் திட்டப் பணம். ஒரு கணக்கு பணத்த இஷ்டத்துக்கு இன்னொண்ணுல செலவு பண்ண முடியாது. 2021-லேருந்து 26 வரைக்கும் வந்த 15-வது நிதிக்குழு பணத்த எடுத்துக்குங்க, 60 சதவீதம் கட்டிப்போட்ட பணம், அதாவது சொன்ன வேலைக்கு மட்டும்தான் செலவு பண்ணணும், அதுல பாதி குடிதண்ணிக்கு, பாதி ஊர் சுத்தத்துக்கு. அந்தப் பணத்த காட்டி "இவ்ளோ வந்திருக்கே, எங்க தெருவுக்கு சிமெண்ட் ரோடு போடு"ன்னு கத்தினா அவங்க முடியாதுன்னுதான் சொல்லணும், அது உண்மையும் கூட. அதே பணத்துல வாய்க்கா, உறிஞ்சிகுழி, குழாய் ரிப்பேர் கேட்டா முடியாதுன்னு சொல்றது கஷ்டம். கேக்குற வேலைய பணத்துக்கு தகுந்த மாதிரி கேக்கணும்.

இப்ப ரோடு விஷயத்துக்கு வர்றேன், இதுல எனக்கு வயித்தெரிச்சல் ஜாஸ்தி. எங்க தெருவுல முதல்ல சிமெண்ட் ரோடு வந்துச்சு, எல்லாரும் சந்தோஷம், பட்டாசு கூட வெடிச்சாங்க. அடுத்த வருஷம் ஜல் ஜீவன் குழாய்க்கு அதே ரோட்ட நடுவுல கிழிச்சாங்க, மூடினது மண்ணப் போட்டு. மழையில அந்த கோடு முழுக்க பள்ளம். இது யாரு தப்புன்னு கேட்டா அதிகாரிங்களத்தான் சொல்லுவோம், ஆனா ரோடு தீர்மானம் போட்ட அன்னிக்கு "குழாய் வேலை பாக்கி இருக்கா"ன்னு ஒருத்தரும் கேக்கல, நானும் கேக்கல, நான் அங்கதான் உக்காந்து இருந்தேன். குழாய், அப்புறம் வாய்க்கா, கடைசியா ரோடு, இந்த வரிசை மாறவே கூடாது. அடுத்தது பழைய ரோட்ட சுரண்டாம அது மேலயே போடுறது. ஒவ்வொரு தடவையும் அரை அடி ஏறும், மூணு ரோடு ஆச்சுன்னா வீட்டு வாசப்படி ரோட்டுக்குக் கீழ போயிடும், மழைத் தண்ணி நேரா கூடத்துக்கு வரும். எங்க பெரியப்பா வீட்டுல திண்ணை இருந்த எடம் இப்ப ரோட்டோட சமமா கெடக்கு. வேலை ஆரம்பிக்கிற அன்னிக்கே நின்னு லெவல் கேக்கணும், கான்கிரீட்டு கொட்டின பிறகு கத்தி பிரயோஜனம் இல்ல.

வாய்க்கா கட்டுறதுலயும் கேக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு, தண்ணி எங்க போய் விழும்? தெருவுக்கு நூறு மீட்டர் அழகா கட்டி, கடைசில போக்கிடம் இல்லாம நிறுத்தி இருப்பாங்க, அது வாய்க்கா இல்ல, கொசு தொட்டி. நம்ம மாவட்டத்துக்கு இது வெளையாட்டு விஷயம் இல்ல. தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம்னு மேக்கேருந்து வர்ற தண்ணியெல்லாம் நம்மள தாண்டித்தான் கடலுக்குப் போகணும், 2015 வெள்ளத்த மறந்தவங்க யாரும் இருக்க மாட்டாங்க, 2024 டிசம்பர்ல பெஞ்சல் புயல் மழைக்கப்புறம் சாத்தனூர் அணை தண்ணிய தெறந்து விட்டப்ப தென்பெண்ணை கரை ஊருங்க பட்ட பாடும் கண்ணு முன்னாடி நிக்குது. ஆத்துத் தண்ணிய நாம நிறுத்த முடியாது, ஆனா ஊர் மழைத்தண்ணி வடியிறதுக்கு வழிய அடைச்சது நாமதான். எங்க அப்பா வாய்க்கா மேல நாலு சிலாப் போட்டு அதுல பைக் ஸ்டாண்டு வெச்சிருந்தாரு, தூர் வார ஆள் வந்தப்ப "எங்க வீட்டுத மட்டும் விட்டுடுங்க"ன்னு சொன்னவரு அவரேதான். அந்த ஒரு எடத்துல அடைச்சு மேல் தெரு முழுக்க நின்னுச்சு. சிலாப்பு வேணும்னா தூக்கி எடுக்குற மாதிரி போடுங்க, சிமெண்ட் பூசி ஒட்டிடாதீங்க. தூர் வாரச் சொல்லி கேக்குறது ஐப்பசில இல்ல, ஆகஸ்ட் 15 கூட்டத்துலயே கேளுங்க. வாரின மண்ண கரையிலேயே கொட்டிட்டுப் போனா முதல் மழைக்கு திரும்ப உள்ளயே போயிடும், அதையும் பாத்துக்கணும்.

தண்ணி டேங்க பத்தி ரொம்ப சொல்ல ஒண்ணும் இல்ல, பதினைஞ்சு நாளுக்கு ஒரு தடவ கழுவணும், கழுவின தேதிய டேங்க்குலயே எழுதி இருக்கணும், போய் பாருங்க, பழைய தேதியா இருந்தா கேளுங்க. டேங்க் ஆபரேட்டர திட்டுறதுக்கு முன்னாடி நம்ம தெருவுல எத்தன பேரு குழாயில நேரா மோட்டார் போட்டு உறிஞ்சுறாங்கன்னும் பாருங்க, கடைசி வீட்டுக்கு தண்ணி ஏறாததுக்கு முக்கால்வாசி காரணம் அதுதான்.

வீட்டு வரி கட்டுறவங்க ரசீத பத்திரமா வெச்சுக்குங்க, ஆனா அந்த ரசீதே வீட்டுக்கு பத்திரம்னு நெனைச்சுக்காதீங்க, வரி கட்டுனா எடம் நம்ம பேருக்கு ஆயிடாது, பட்டா வேற.

அடுத்தது கொஞ்சம் சங்கடமான விஷயம். உள்ளாட்சியில பாதி எடம் பொம்பளைங்களுக்கு, ஆனா கூட்டத்துல பேசுறது தலைவரோட வீட்டுக்காரரு, பேங்க் செக்குக்கு அலையிறதும் அவரு, நாமளும் "தலைவரே"ன்னு அவரத்தான் கூப்பிடுறோம். 2019 எலெக்ஷன்ல பண்ருட்டி பக்கம் ஒரு ஊர்ல தலைவர் பதவியவே 50 லட்சத்துக்கு ஏலம் விட்டாங்கன்னு செய்தி வந்துச்சு, 2020-ல புவனகிரி பக்கம் ஒரு ஊராட்சியில பட்டியல் சாதியச் சேர்ந்த தலைவரம்மாவ தரையில உக்கார வெச்ச போட்டோ நாடு முழுக்க சுத்துச்சு. நம்ம மாவட்டத்துக் கதைங்கதான் ரெண்டும். மனு குடுக்குறப்ப தலைவரம்மா பதவியில இருந்தா அவங்க பேருக்கே எழுதுங்க, அவங்க கையிலயே குடுங்க.

2025 ஜனவரி 5-ஓட அந்த 2019-ல ஜெயிச்சவங்க காலம் முடிஞ்சு தனி அலுவலர் வந்தப்ப, தலைவரே இல்ல, இனி என்னத்த கிராம சபைன்னு எங்க ஊர்ல பாதி பேரு போறத விட்டுட்டாங்க. அது பெரிய தப்பு, தலைவர் இல்லாட்டியும் சபை உண்டு, ஏன்னா சபைன்னா ஓட்டுரிமை உள்ள நாம எல்லாரும்தான். பாகூர்ல இருக்கிற எங்க அத்தை மகன் இதக் கேட்டா சிரிப்பான், புதுச்சேரியில 38 வருஷத்துக்கப்புறம் 2006-ல ஒரு தடவ உள்ளாட்சி தேர்தல் நடந்துச்சு, 2011-ல காலம் முடிஞ்சுது, அப்புறம் வருஷக்கணக்கா அதிகாரிங்க கையிலதான்.

கணக்கு தகவல் வேணும்னா ஆர்டிஐ போடலாம், பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டினா போதும், 30 நாள்ல பதில் தரணும், தரலன்னா அடுத்த 30 நாளுக்குள்ள முதல் மேல்முறையீடு. இதுல எல்லாரும் பண்ற தப்பு, "ஏன் ரோடு போடல", "எப்ப போடுவீங்க"ன்னு கேள்வி கேக்குறது. ஆர்டிஐ-ல கெடைக்கிறது ஆபீஸ்ல இருக்கிற காகிதம் மட்டும்தான். அதனால காகிதத்த கேளுங்க, எஸ்டிமேட் நகல், எம்-புக் (முடிச்ச வேலைய அளந்து எழுதுற புக்கு) நகல், பில்லு நகல். எம்-புக்குல எத்தன மீட்டர், எத்தன கனம்னு எழுதி இருக்கும், ஒரு டேப்ப எடுத்துட்டுப் போய் ரோட்ட அளந்து பாத்தா மீதி கதை அதுவே சொல்லிடும்.

கடைசியா பசங்களுக்கு. ரெண்டு வருஷம் முன்னாடி எங்க பசங்க காசு வசூல் பண்ணி ஜேசிபி வெச்சு குட்டையில இருந்த சீமைக்கருவேலத்த எல்லாம் வேரோட புடுங்கிட்டானுங்க, மண்ணையும் டிராக்டர்ல அள்ளி ரெண்டு பேரு வயலுக்கு அடிச்சுட்டாங்க. நல்ல மனசுதான். ஆனா அந்த மரம் ஏலம் விட வேண்டிய மரம், மண்ணுக்கு தாசில்தார் அனுமதி வேணும், ஒருத்தன் புகார் குடுத்துட்டான், டிராக்டர புடிச்சுட்டுப் போயிட்டாங்க, வண்டிக்காரரு பாவம் எங்க பங்காளி, பதினொரு நாள் அலைஞ்சாரு. அதுக்கப்புறம் வந்த கூட்டத்துல முறையா தீர்மானம் போட்டு, அனுமதி வாங்கி, அதே பசங்கதான் பாக்கி வேலைய முடிச்சாங்க, தீர்மானத்தோட நகல் மடிச்சு ஜேசிபி டிரைவர் பாக்கெட்டுல இருந்துச்சு.