பாவித்த பழைய விசைப்பலகை: வாங்குமுன் சுவிட்சையும் மூடியையும் சோதிப்பது எப்படி?

பழைய கணினிப் பொருட்கள் விற்கும் கடையில் இரண்டு விசைப்பலகைகள் அருகருகே கிடந்தால், பெரும்பாலானோர் வெள்ளையாக இருப்பதைத்தான் கையில் எடுக்கிறார்கள். மஞ்சளித்தது கிழடு, வெள்ளை புதிது என்று ஒரு நினைப்பு. என் கணக்கில் நிறம் கடைசியாகப் பார்க்கவேண்டிய விடயம். விசையின் மேலிருக்கும், எழுத்துள்ள மூடியைக் கழற்றலாம், கழுவலாம், வேறொன்றால் மாற்றலாம். மூடிக்குக் கீழே விசையின் அழுத்தத்தை வாங்கும் சுவிட்ச் மண் புகுந்து அரைபட்டுப்போனால், அதை அப்படி மீட்க முடியாது. ஆகவே நாம் முதலில் சுவிட்சைப் பார்ப்போம், பிறகு மூடிக்கு வருவோம்.

யாழ்ப்பாணத்தில் இதற்குக் கூடுதல் காரணம் உண்டு. 1990இல் குடாநாட்டின் மின்சாரம் அறுந்த பிறகு நெடுங்காலம் இங்கே மேசைக் கணினி என்பதே அபூர்வம். இன்று அகப்படும் பழைய பலகைகளில் நல்லவை பல, பிற்காலத்தில் ஜெர்மனி, லண்டன், கனடா, சுவிஸ் உறவினர்கள் அனுப்பிய பெட்டிகளில் வந்தவை. அங்கே அலுவலக மேசையில் தூசில்லாமல் இருந்தவை, இங்கே வந்தபின் வலிகாமத்துச் செம்மண்ணையும் குருநகர்ப் பக்கத்து உப்புக்காற்றையும் சேர்த்துக் குடித்திருக்கும். இந்த இரண்டின் தடயத்தைத்தான் நாம் தேடப்போகிறோம்.

கையில் கொண்டுபோக வேண்டியவை: ஒரு சிறிய ரோச், இரண்டு கடதாசிக் கிளிப், பழைய பல்துலக்கும் தூரிகை. கிளிப்புகளை நிமிர்த்தி முனையில் கொக்கி போல் வளைத்துக்கொண்டால் மூடி கழற்றும் கருவி தயார். திருகாணிச் சாவியால் நெம்பிக் கழற்றவே வேண்டாம்; மூடியின் ஓரம் வெடிக்கும்.

முதற்படி: கவிழ்த்துப் பாருங்கள்

பலகையைத் தூக்கும்போதே பாரம் ஏதோ சொல்லிவிடும். 1985இல் வெளிவந்த ஐ.பி.எம். மொடல் எம் வகையின் ஆரம்பகாலப் பலகைகள் இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும், உள்ளே இரும்புத் தகடு இருப்பதால். பின்பக்கத்து லேபலில் தயாரித்த திகதி அச்சிடப்பட்டிருக்கும். செரி நிறுவனத்தின் பலகை என்றால் மாதிரி எண்ணைப் பாருங்கள்: ஜி80 என்று தொடங்கினால் உள்ளே விசைக்கு ஒன்றாகத் தனித்தனியான எம்.எக்ஸ். சுவிட்ச், ஜி81 என்றால் பிளாஸ்ரிக் தாள் அடுக்கின் மேல் அமர்ந்த எம்.வை. வகை; ஜி83 என்றால் இறப்பர்க் குமிழ். மூன்றும் வெளியே அண்ணன் தம்பி மாதிரித்தான் தெரியும், விலை மட்டும் ஒன்றாக இருக்கக்கூடாது.

விண்டோஸ் விசை இல்லாத பலகை பெரும்பாலும் 1990களின் நடுப்பகுதிக்கு முந்தியது. அந்த விசை இருந்தால் தூக்கிப் போட்டுவிடவும் வேண்டாம். டெல் நிறுவனத்தின் ஏ.டி.101 டபிள்யூ அந்த விசையோடுதான் வந்தது, உள்ளே அல்ப்ஸ் நிறுவனத்தின் கறுப்புச் சுவிட்ச் இருக்கிறது.

இரண்டாம் படி: ஒரு மூடியை மட்டும் கழற்றுங்கள்

கடைக்காரரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். "அண்ணை, ஒரு மூடியைக் கழற்றிப் பார்க்கலாமா?" என்றால் யாரும் மறுப்பதில்லை, கேட்காமல் செய்தால் உடைத்துவிட்டதாகவே நினைப்பார். மேல் வரிசையில் அதிகம் பாவிக்காத ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இடைவெளிக் கட்டையைத் தொடவேண்டாம். அதன் கீழே சமநிலைக் கம்பி இருக்கிறது, கடையில் நின்றபடி திருப்பிப் பூட்டுவது சங்கடம்.

உள்ளே கூட்டல் குறி வடிவில் தண்டு தெரிந்தால் செரி வகை. தண்டின் நிறமே அதன் குணம்: கறுப்பு தடையில்லாமல் நேராக இறங்கும்; நீலம் சொடுக்குச் சத்தம் போடும்; கபிலம் நடுவில் சிறு மேடு போல் உணர்த்தும். நீள்சதுரத் துவாரம் தெரிந்தால் அல்ப்ஸ் அல்லது அதன் நகல். 1987இல் வந்த அப்பிள் எக்ஸ்டெண்டட் பலகையில் செம்மஞ்சள் அல்லது சாமன் மீன் நிறத் தண்டு இருக்கும். அவை தொடுகையில் அருமையானவை. குழாய்க்குள் உலோகச் சுருள் நிமிர்ந்து நின்றால் அதுதான் மொடல் எம். பல மொடல் எம் பலகைகளில் மூடி இரண்டு துண்டு. மேல் துண்டு மட்டும் கையோடு வந்தால் உடைந்துவிட்டதென்று பதறவேண்டாம்.

கூட்டல் குறி தெரிந்ததும் மகிழ்ந்துவிடாதீர்கள். எம்.வை. வகையிலும் அதே குறிதான், சில மலிவான இறப்பர்ப் பலகைகளிலும் அதே குறிதான். ரோச்சை அடித்துப் பாருங்கள். ஒவ்வொரு விசைக்கும் தனித்தனிப் பெட்டி, அதன் மேல் தயாரிப்பாளரின் பெயர் தெரிந்தால்தான் நம்பலாம்.

மூன்றாம் படி: விரலுக்கு வேலை கொடுங்கள்

நேரத்தைச் செலவிடவேண்டிய இடம் இதுதான். விசையின் நடுவில் அழுத்திப் பார்ப்பதால் பயனில்லை, நடுவில் எல்லாம் நன்றாகத்தான் இறங்கும். மூலையில் விரலை வைத்து மிக மெதுவாக அழுத்துங்கள். மணல்தாளில் உரசுவது போன்ற நரநரப்பு விரலுக்கு வந்தால் உள்ளே தூசி. எம்.எக்ஸ். சுவிட்ச் மொத்தமாக 4 மில்லிமீற்றர் இறங்கும், 2 மில்லிமீற்றரிலேயே மின்தொடர்பு கிடைத்துவிடும். எனவே நரநரப்பு அடியில் மட்டும் இருந்தால் எழுத்து விழும், ஆனால் நாள்முழுதும் தட்டச்சுச் செய்யும் விரல் சலிக்கும்.

எந்த விசையோடு எதை ஒப்பிடுவது? வெளிநாட்டுக் கட்டுரைகள் ஆங்கில ஈ (E), ஏ (A) விசைகளைப் பார்க்கச் சொல்லும். இங்கே அது போதாது. பலகை யாழ்ப்பாணத்து அச்சகம் ஒன்றில் வேலை செய்திருந்தால், பாமினி எழுத்துருவில் தட்டிய விரல்கள் வேறு தடம் விட்டிருக்கும். பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி, ஆங்கில அரைப்புள்ளி விசையில் இருக்கிறது. க, எஃப் விசையில். த, ஜே விசையில். ம, கே விசையில். தமிழில் ஒரு வரி எழுதினாலே புள்ளி எத்தனை தடவை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஆங்கிலம் மட்டும் எழுதியவரின் பலகையில் அரைப்புள்ளி விசை புதிதாகவே இருக்கும். அது ஈ விசையைவிடப் பளபளத்துத் தேய்ந்திருந்தால், அந்தப் பலகை கலியாணக் கார்ட்டும் மரண அறிவித்தலும் அடித்து உழைத்த பலகை. அரைப்புள்ளி விசையையும் எஃப்9 விசையையும் மாறி மாறி மெதுவாக அழுத்துங்கள். இரண்டும் ஒரே மாதிரி இறங்கினால் சுவிட்சுகள் இன்னும் நெடுங்காலம் நிற்கும். வேறுபாடு தெளிவாகத் தெரிந்தால் அந்த வேறுபாடுதான் பேரம்பேச வேண்டிய இடம்.

அல்ப்ஸ் விடயத்தில் நான் கண்டிப்பானவன். தூசிக்கு அது மிக மென்மையானது. நரநரப்பு ஏறிய அல்ப்ஸைத் திறந்து கழுவினாலும் பழைய வழவழப்பு முழுதாகத் திரும்புவதில்லை. சுவிட்சுகளைப் பிடிக்கும் தகட்டில் செம்மண் தூசி படிந்திருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். செரி கறுப்பு இதற்கு நேர்மாறு, நன்றாகப் பொறுக்கும். ஜி80-3000 வகையில் சுவிட்சுகளைப் பிடிக்கும் தகடு இல்லாததால், ஈயப்பற்றைக் கழற்றாமலே ஒவ்வொரு சுவிட்சின் மேல்மூடியையும் திறந்து சுத்தம் செய்யலாம். முதன்முதலாக வாங்குகிறவர்களுக்கு நான் அதையே சொல்வேன்.

மொடல் எம் என்றால் காதால் பாருங்கள். எல்லா விசையும் ஒரே மாதிரிச் சொடுக்க வேண்டும். ஒன்று மட்டும் ஊமையாக இருந்தால் சுருள் இடம் பெயர்ந்திருக்கக்கூடும். பலகையை நிமிர்த்திப் பிடித்து மூடியைக் கழற்றித் திரும்பப் பூட்டினால் பலதடவை சரியாகிவிடும். அடுத்து, பலகையை மெதுவாகக் குலுக்குங்கள். உள்ளே சிறு துண்டுகள் உருண்டால் தகட்டைப் பிடிக்கும் பிளாஸ்ரிக் தறையாணிகள் உடைந்திருக்கின்றன. அவற்றுக்குப் பதிலாகச் சிறு போல்ட் பூட்டலாம். பொறுமை வேண்டிய வேலை. சுருளிலேயே செந்துரு தெரிந்தால் வேண்டாம். தகட்டின் ஓரத்தில் மட்டும் என்றால் பரவாயில்லை.

இறப்பர்க் குமிழ் இறுகிப்போயிருந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை.

நான்காம் படி: மூடிகள்

பழைய மூடிகள் பெரும்பாலும் இரண்டு பிளாஸ்ரிக்கில் ஒன்று: ஏ.பி.எஸ். அல்லது பி.பி.டி. முதலாவது வெயில்பட்டு மஞ்சளிக்கும், விரல்பட்டுப் பளபளக்கும். இரண்டாவது இரண்டுக்கும் நன்றாகத் தாக்குப்பிடிக்கும், தொட்டால் சற்றுச் சொரசொரப்பாக இருக்கும். மூடிகள் எல்லாம் சாம்பல் வெள்ளையாகவும் இடைவெளிக் கட்டை மட்டும் மஞ்சளாகவும் இருக்கும் பலகையைக் கண்டால் மகிழுங்கள்: மூடிகள் பி.பி.டி., கட்டை மட்டும் ஏ.பி.எஸ்.

சந்தேகமாக இருந்தால் வீட்டில் சோதிக்கலாம். ஒரு போத்தல் தண்ணீரில் ஆனையிறவு உப்பை இனிக் கரையாது என்ற அளவுக்குக் கரையுங்கள். அதன் அடர்த்தி தண்ணீரைப்போல் ஏறக்குறைய 1.2 மடங்கு. ஏ.பி.எஸ். சுமார் 1.05, மிதக்கும், பி.பி.டி. சுமார் 1.3, அமிழும். மூடியின் வாய் மேல்நோக்கி இருக்கும்படி போட்டு, காற்றுக்குமிழியைத் தட்டி எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் பி.பி.டி.யும் மிதந்து ஏமாற்றும். நல்ல தண்ணீரில் இரண்டுமே அமிழும் என்பதால் உப்பில் கஞ்சத்தனம் வேண்டாம்.

எழுத்துகளை நகத்தால் வருடுங்கள். மேடாகத் தட்டுப்பட்டால் மேலே அச்சிட்டது, அழியும். எதுவும் தட்டுப்படாமல் எழுத்தின் ஓரம் லேசாகப் பரவியிருந்தால் சாயம் பிளாஸ்ரிக்குக்குள் ஊறியது. மூடியைக் கவிழ்த்தால் உள்ளே இரண்டு நிறம் தெரிகிறதா? அது இரண்டு பிளாஸ்ரிக்கை ஒன்றாக வார்த்தது. மூடி தேய்ந்தாலும் எழுத்து தேயாது.

தமிழ் ஸ்டிக்கர் ஒட்டிய மூடி என்றால் பசையைத் தேங்காய் எண்ணெயில் ஊறவைத்து எடுங்கள், பிறகு சவர்க்கார நீர். நகப்பூச்சு அகற்றும் அசிற்றோன் ஏ.பி.எஸ்ஸைக் கரைத்துவிடும், கிட்டக் கொண்டுபோகாதீர்கள். ஜெர்மனியில் இருந்து வந்த பலகையில் வை விசையும் இசட் விசையும் இடம் மாறியிருக்கும். அது பழுதல்ல, அந்நாட்டு ஒழுங்கு. கணினியில் அமைப்பை மாற்றினால் போதும்.

ஐந்தாம் படி: செருகியும் வயரும்

பெரிய வட்டமான ஐந்து ஊசிச் செருகி, சிறிய ஆறு ஊசி பி.எஸ்.2 செருகி இரண்டும் பெரும்பாலும் ஒரே மொழி பேசுபவை. ஒரு சாதாரண இணைப்பான் போதும். ஆனால் ஐ.பி.எம். எக்ஸ்.டி. காலத்துப் பலகைக்கும், 24 செயல்விசைகள் கொண்ட 122 விசைப் பலகைக்கும் இது பொருந்தாது. நான்கு ஊசி அப்பிள் செருகிக்குத் தனி மாற்றி வேண்டும். யு.எஸ்.பி.க்கு மாற்ற, உள்ளே மின்சுற்று உள்ள மாற்றியையே வாங்குங்கள். சுட்டியோடு இனாமாக வந்த பச்சைத் துண்டு வேலை செய்யாது. கடையில் பி.எஸ்.2 உள்ள பழைய கணினி இருந்தால், அதை நிறுத்திவிட்டுச் செருகிய பின் இயக்குங்கள்.

பழைய இரும்புக்காரரிடம் போய்வந்த பலகைகளில் செம்புக்காக வயரை வெட்டியிருப்பார்கள். மொடல் எம் பலவற்றில் வயர் பின்பக்கத்தில் கழன்று வரும், வேறொன்று வாங்கிச் செருகலாம். நிரந்தர வயர் என்றால் உள்ளே நான்கு இழைகள்தான் வேலைக்கு வேண்டும்: 5 வோல்ட், பூமி, கடிகாரம், தரவு. இழைகளின் நிறம் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும், ஆகவே நிறத்தைப் பார்த்து ஒட்டாமல், மல்ரிமீற்றரால் ஒவ்வொன்றும் எந்த ஊசிக்குப் போகிறது என்று பார்த்துவிட்டு ஒட்டுங்கள்.